முருகைத்துறையை ஏலம் கூறின கதை

அக்கரை நகர்ந்து எங்களிடம் வந்தது ஒரு புதன்கிழமை காலை. நான் முருகைத்துறை மீன் கொட்டிலில் அருளப்புவின் அறுக்குளா மீனை இரண்டாந்தரம் ஏலம் கூறிக்கொண்டு நின்ற நேரம், பதினெட்டு மைல் கடலைப் பாய் மாதிரிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தென்னைகளும் பஸ் நிலையமும் ஒரு தேத்தண்ணிக் கடையும் வாலை ஆட்டுகிற நாலைந்து நாயுமாகப் பெரியநாடு கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வந்து நின்றது. மூன்றாந்தரமும் சொல்லி, மீனைக் கைமாற்றிவிட்டுத்தான் நான் திரும்பிப் பார்த்தேன், ஏனென்றால் கூறலை இடையில் விட்டால் மீன்காரன் ஏசுவான், அருளப்பு என்றால் ஏழு நாளைக்கு ஏசுவான்.

"கடலைக் காணேல்லையடி மதலேனாள்" என்றான் அருளப்பு.

"உன்ர மீனுக்கு விலை வந்திட்டுதெல்லோ? கடலை வைச்சு என்ன செய்யப் போறாய்?" என்றேன் நான்.

எங்கள் தீவில் அப்போது சண்டை. தெற்கே இருந்து அரசாங்கத்து ஆமி வந்துகொண்டிருந்தது, காட்டுக்குள் எங்கள் பெடியள் துவக்கோடு நின்றார்கள், இரண்டுக்கும் நடுவில் அறுபத்துமூன்று குடும்பமும் அறுபத்துமூன்று வள்ளமும் ஒரு மாதா கோவிலுமாக நாங்கள் இருந்தோம். முதல் நாள்தான் பெரியநாட்டு ரேடியோ எங்களைப் பற்றிக் கவலை தெரிவித்திருந்தது. அந்தக் கவலைதான் கரையைத் தள்ளிக்கொண்டு வந்தது என்று சந்தியோகு வாத்தியார் சொன்னார், அதற்கு மேல் ஒருவரும் காரணம் கேட்கவில்லை, கேட்க நேரமும் இருக்கவில்லை, கடல் சுருங்கியதால் மீனெல்லாம் நெருக்குப்பட்டு மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது, சூடை மீனைக் கையால் அள்ளலாம் போல இருந்தது.

பத்து நாளைக்குள் பழகிவிட்டது. சுவாமியார் மாதாவின் சுருவச் சிலையை வழக்கம்போலக் கடல் பக்கம் பார்க்க வைப்பதா, அந்தத் தேத்தண்ணிக் கடையைப் பார்க்க வைப்பதா என்று இரண்டு ஞாயிறு யோசித்து, கடைசியில் அரைவாசி திருப்பி வைத்தார். எங்கள் பெண்கள் இந்தக் கரையில் நின்று சவர்க்காரம் என்ன விலை என்று கத்துவார்கள், அந்தப் பெண்கள் அந்தக் கரையில் நின்று உங்க ஊரில் கருவாடு என்ன விலை என்று கத்துவார்கள், இடையில் காற்று மாறினால் இரண்டு பக்கமும் பிழையான விலையைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கச் சண்டை பிடிப்பார்கள். அரசாங்கத்து நேவியின் ரோந்துப் படகு வருவது நின்றுபோனது, அது திரும்புகிற அளவுக்குக் கடல் இல்லை.

பிறகு கரை விலகியது. பிறகு வந்தது. பிறகு கோணலாக வந்து பஸ் நிலையம் இருந்த இடத்தில் ஒரு சுடலையைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெரியநாட்டின் தலைநகரில் ஒரு மந்திரி போய் இன்னொரு மந்திரி வந்தால் எங்கள் கிணற்றில் உப்பு ஏறும், அங்கே தேர்தல் கிட்ட வந்தால் கரையும் கிட்ட வரும், எங்கள் அரசாங்கத்தோடு அவர்கள் ஏதாவது ஒப்பந்தம் எழுதினால் விடியும்போது அக்கரை ஒரு நூல் மாதிரித் தெரியும். சந்தியோகு வாத்தியார் இதையெல்லாம் பார்த்துக் கொட்டில் சுவரில் கரியால் எழுதி வைத்தார், சனம் மீன் வாங்க வரும்போது வாசித்துவிட்டுத்தான் போகும். கவலை தெரிவித்தால் கிட்ட வரும். ஆழ்ந்த கவலை என்றால் இன்னும் கிட்ட வரும், வலையைக் கிழிக்கும், எடுத்து வை. உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம் என்றால் நின்ற இடத்தில் நிற்கும். இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்றால் வள்ளத்தைக் கட்டு, பிள்ளையைப் பிடி, அலை வரப்போகுது.

ஊரில் ஒருவருக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் போனது இந்தக் காலத்தில்தான். சோற்றுக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பி வாசலுக்குப் போய்க் கரை நிற்கிறதா என்று பார்ப்பார்கள், திரும்பி வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி போவார்கள். கட்டின வீட்டுக்கு ஓடு போட மனம் வராது. கலியாணம் பேசினால் அக்கரையில் செய்வதா இக்கரையில் செய்வதா என்று பேசிப் பேசியே முறியும். என் மனுசன் பத்திநாதன், கரை கிட்ட நிற்கிறது என்ற நம்பிக்கையில் ஒரு நாள் நடுக்கடலில் வலை விரித்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் நிதானம் என்ற சொல் வந்தது. ஒரு சிகரெட் பிடித்து முடிக்கிற நேரத்துக்குள் கடல் பதினெட்டு மைலாக விரிந்தது, விரிந்த கடலுக்குள் நேவி வந்தது. வள்ளம் மட்டும் மூன்றாம் நாள் ஒதுங்கியது. நான் அழுது முடித்துவிட்டுக் கொட்டிலுக்குப் போனேன், பதினாலு வயதிலிருந்து கடகம் சுமந்து விற்று, பிறகு ஆம்பிளைகள் நின்ற கல்லில் ஏறி அவர்களைத் தள்ளிவிட்டு மீன் கூறப் பழகினவள் நான், வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும்.

எங்கள் கூறல் எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மீனைக் கல்லில் போட்டால் விலை கேட்பார்கள், நான் முதலாந்தரம், இரண்டாந்தரம், மூன்றாந்தரம் என்று சொல்லிக் கையை இறக்கினால் முடிந்தது, பிறகு கடவுள் வந்து கூடக் கேட்டாலும் இல்லை. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. விலை கேட்டவன் பிறகு முறித்தால் அந்த மீன் மறுபடி கல்லுக்கு வரும், ஒருவரும் எடுக்காவிட்டால் கூறினவள் தன் தலையில் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு வருசத்தில் என் கல்லில் கேட்டதை ஒருவனும் முறித்ததில்லை, முறித்துவிட்டு என் வாய்க்கு முன்னால் நிற்கிற துணிவு எவனுக்கும் இருந்ததில்லை.

அந்தத் திமிர்தான் எங்களுக்குக் குழி வெட்டியது.

கரை மறுபடி கிட்ட நின்ற ஒரு பங்குனி மாதம், பெரியநாட்டின் அதிகாரி ஒருவர் எங்கள் துறையில் வந்து இறங்கினார். வேங்கடவரதன் என்று பெயர், மெல்லிய மனிதர், பளபளக்கிற சப்பாத்து, சேறு படாமல் நடக்கப் பார்த்து நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார். தெற்கே ஆமி இரண்டு பாலம் தாண்டிவிட்டது என்ற செய்தி எங்களுக்கு வந்திருந்த நேரம் அது, சனம் முழுவதும் கொட்டிலில் கூடிவிட்டது.

"பயப்படாதீங்க" என்றார். "எங்க அரசாங்கம் உங்களை விட்டுடாது. ஆனா ஒரு சின்ன நிபந்தனை. உங்க படகுல பசங்க ஏறித் துப்பாக்கி கடத்துறாங்கன்னு ஒரு புகார் இருக்கு. அதனால படகு இன்ஜின் அத்தனையையும் கழட்டி எங்ககிட்ட பத்திரமா வச்சிடுங்க. சண்டை முடியுற வரைக்கும் எங்க கரை இங்கேயே நிக்கும். ஆபத்துன்னா நீங்க அத்தனை பேரும் ஒரு எட்டு எடுத்து வச்சு எங்க பக்கம் வந்துடலாம்."

"எத்தினை பாகம் தள்ளி நிக்கும்?" என்று கேட்டேன். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், அதுதான் எங்கள் அளவு.

"அதெல்லாம் தொழில்நுட்ப விஷயம்மா."

"தொழில்நுட்பமெல்லாம் எனக்குத் தெரியாது ஐயா. நான் மீன் கூறுறவள். எத்தினை பாகம்?"

அவர் யோசித்தார். "அறுநூறு."

"அறுநூறு பாகம் நீந்துறதுக்கு எங்கட கிழடுகள் என்ன சுறாவோ? நூறு."

"நூறு எங்களுக்கு அரசியல் ரீதியா கஷ்டம். ஐந்நூறு."

"உங்கட கஷ்டத்தை உங்கட ஊரில வைச்சு அழுங்கோ. நூற்றைம்பது."

சனம் சிரித்தது. எனக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது, ஒரு வல்லரசின் அதிகாரியை வெற்றிலை வாங்க வந்தவன் மாதிரி நிறுத்திப் பேரம் பேசுகிறேன் என்ற வெறி தலைக்கேறிவிட்டது. சின்ன மீனைப் பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டு பெரிய மீனில் கண் வைக்கிற வியாபாரிகளை எனக்கு ஆயிரம் பேரைத் தெரியும். இந்த மனுசன் எங்கள் முகங்களைப் பார்த்துப் பேசினாலும் அவருடைய கண் எங்களுக்குப் பின்னால், பெரிய கப்பலும் வந்து நிற்கக்கூடிய எங்கள் துறையின் ஆழத்திலேயே கிடந்ததை நான் கண்டேன். கண்டும் நிறுத்தவில்லை. இருநூறு பாகத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"மதலேனாள் கூறட்டும்" என்றது சனம். "அவள்ர கல்லில கூறினா நம்புறம்."

அருளப்பு மட்டும் எழும்பினான். அவனிடம் பதினைந்து குதிரை இஞ்சின் ஒன்று இருந்தது, பெண்சாதியைவிட அதைக் கவனித்து எண்ணெய் தடவுகிறவன். "என்ர இஞ்சினைக் கழட்டுறதெண்டா முதல்ல என்ர கையைக் கழட்டுங்கோ. இது நாடு, மீன் வியாபாரி இல்லை. இதை என்னெண்டடி கூறுவாய்?"

"என்ர கல்லில ஆரடா இதுவரைக்கும் முறிச்சவன்? சொல்லு பாப்பம். சனம் சாகட்டும், உன்ர இஞ்சின் துருப்பிடிக்காமல் இருக்கட்டும், என்ன?"

அவன் முகம் கறுத்துப்போனது. மறுபடி குந்திக்கொண்டான். நான் கல்லில் ஏறி, முருகைத்துறை அறுபத்துமூன்று குடும்பத்துக்கும் இருநூறு பாகத்தில் கரை, முதலாந்தரம், இரண்டாந்தரம், மூன்றாந்தரம் என்று கூறிக் கையை இறக்கினேன். வேங்கடவரதன் கைதட்டினார், அது கைதட்டுகிற இடம் இல்லை என்று அவருக்குத் தெரியாது. அன்று பின்னேரமே இஞ்சின்கள் போயின.

பதினொரு நாள் கரை இருநூறு பாகத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. பன்னிரண்டாம் நாள் காலை, பெரியநாடும் எங்கள் அரசாங்கமும் புதிதாக ஒரு உடன்பாட்டுக்கு வந்ததாக ரேடியோ சொன்னது, பிறகு இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்றது. சந்தியோகு வாத்தியார் ரேடியோவை அப்படியே தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடிவந்தார், நான் அப்போது திருக்கை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கண் முன்னால் தேத்தண்ணிக் கடைக்காரன் ஒரு கிளாஸை நீட்டியபடியே சிறுத்துச் சிறுத்துப் போனான், தென்னைகள் ஈர்க்குக் குச்சியாகி, கரை நூலாகி, நூலும் அறுந்தது. எட்டு மணிக்குக் கடல் பழைய பதினெட்டு மைலுக்கு விரிந்து கிடந்தது. ஆமி கடைசிப் பாலத்தில் நிற்கிறது, பின்னேரத்துக்குள் வந்துவிடும் என்று சைக்கிளில் வந்த ஒருவன் சொல்லிவிட்டு நிற்காமல் போனான். எங்களிடம் அறுபத்துமூன்று வள்ளம் இருந்தது, ஒரு இஞ்சின் இல்லை.

சனம் என் கொட்டிலுக்கு வந்தது. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன், எனக்கு அது வரும். முறிந்த ஏலம் கூறினவளின் தலையில் என்று எல்லாருக்கும் தெரியும், அறுபத்துமூன்று குடும்பத்தை ஒரு பொம்பிளை எப்படித் தலையில் போட்டுக்கொள்வாள் என்று பார்க்க வந்து நின்றார்கள்.

அருளப்புதான் கடைசியில் கேட்டான். "என்ர இஞ்சின் இப்ப ஆரின்ர வயலுக்குத் தண்ணி இறைக்குதோ தெரியாது. இனி என்ன செய்யிறதா யோசினை?"

எனக்கு வந்த கோபத்தில் கண் தெரியவில்லை. பத்திநாதன் விரிந்த கடலுக்குள் நின்ற நிற்பு நினைவுக்கு வந்தது. "முறிஞ்ச சாமான் மறுபடி கல்லுக்கு வரும். அதுதான் சட்டம்" என்று சொல்லிவிட்டுக் கல்லில் ஏறினேன். மீனுக்குக் கூறுகிற குரலில் இல்லை, என் வயிறு கிழிகிற குரலில் கடலைப் பார்த்துக் கூறினேன்.

"துறை! முருகைத்துறை! பதினாலு பாகம் ஆழம், முருகைக் கல் அணை, சோளகக் காத்துக்கும் வாடைக் காத்துக்கும் அசையாத தண்ணி! வாங்கினவன் முறிச்சிட்டான், மறுபடி கூறுறன்! ஆருக்கு வேணும்? கிட்ட வந்து கேளுங்கோ!"

ஒரு மணித்தியாலம் காகம்தான் கேட்டது. எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று சிலர் அழத் தொடங்கினார்கள். பிறகு வடகிழக்கில், இதுவரை ஒரு நாளும் ஒன்றும் தெரியாத பக்கத்தில், கடல் மேல் ஒரு கோடு விழுந்தது. அது தடித்து, புகைக்கூண்டுகளும் பாரந்தூக்கிகளும் வரிசையில் நின்று ஒரே நேரத்தில் கொடியை ஆட்டுகிற மனிதர்களுமாக ஒரு கரை எங்களை நோக்கி வந்தது. ஊர் பெயர் தெரியாத தூரத்து வல்லரசு, எங்கள் துறையின் ஆழம் அதற்கும் தெரிந்திருக்கிறது.

"ஆயிரம் பாகம்!" என்றேன் நான். "வடகிழக்கில ஆயிரம் பாகத்தில ஒருத்தர் நிக்கிறார்! முதலாந்தரம்!"

மேற்கில் கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலில் மின்னிக்கொண்டு இன்னொரு கரை கிளம்பியது, கடற்கரை நாற்காலிகளும் குடைகளும் கூட அதில் இருந்தன. "எண்ணூறு! மேற்கு எண்ணூறு!" வடகிழக்கு அறுநூறுக்கு வந்தது. இந்த இரண்டையும் கண்டதுதான் தாமதம், பதினெட்டு மைலையும் நாலு எட்டில் விழுங்கிக்கொண்டு பெரியநாடு பாய்ந்து வந்தது. வந்த வேகத்தில் எழும்பிய அலை கொட்டிலுக்குள் ஏறி என் கடகங்களை அள்ளிப் பனைக்கு மேல் போட்டது. கரையின் நுனியில் வேங்கடவரதன் நின்றார், சப்பாத்து இல்லை, ஒரு காலில் மட்டும் காலுறையோடு.

"அம்மா! மூணாந்தரம் சொல்லிடாதீங்க! நூறு பாகம்! எங்க நாடு நூறு!"

"முன்னம் முறிச்சவர் திரும்பக் கேக்கிறதெண்டா, கொண்டுபோன சாமானைத் திருப்பி வைச்சுப்போட்டுத்தான் வாய் திறக்கலாம்! கூறல் சட்டம் ஐயா!"

அப்படி ஒரு சட்டம் கூறலில் இல்லை. அந்த நிமிசம் நான் உண்டாக்கினது.

"உடனே எப்படிம்மா? மேலிடத்துல கேக்கணும்..."

"வடகிழக்கு எண்பது! எண்பது பாகம், இரண்டாந்தரம்!"

அவர் மேலிடத்தில் கேட்டாரோ என்னவோ தெரியாது, அரை மணித்தியாலத்தில் எங்கள் இஞ்சின்கள் பெரியநாட்டுப் படகுகளில் வந்து இறங்கின. அருளப்பு மார்பளவு தண்ணீரில் ஓடிப்போய்த் தன்னுடையதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நான் கல்லிலிருந்து இறங்காமல், கையை உயர்த்தியபடி, கண்ணால் மட்டும் அவனுக்குக் கொட்டிலுக்குப் பின்னால் வள்ளங்கள் கட்டிக் கிடந்த கழிமுகத்தைக் காட்டினேன். இத்தனை வருசம் என்னோடு சண்டை பிடித்தவனுக்கு என் கண் விளங்கும். ஒருவரையும் கூப்பிடாமல், கத்தாமல், இஞ்சின்களையும் தூக்கிக்கொண்டு, குடும்பம் குடும்பமாகச் சனம் கொட்டிலின் பின்னால் நழுவத் தொடங்கியது.

இதற்குள் ஆமி வந்துவிட்டது. பனங்கூடலுக்குள் முதல் வாகனம் நின்றது, ஒரு ஆமி அதிகாரி இறங்கித் தூரக்கண்ணாடியால் பார்த்தார், துறை வாயில் மூன்று வல்லரசுகளின் கரைகள் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டார். இந்த நிலம் இன்னும் ஒரு மணித்தியாலத்தில் ஆருடையது என்று தெரியாமல் அதன் மேல் எப்படிச் சுடுவது? அவர் வயர்லஸ்ஸை எடுத்துக் கேட்டார், கேட்டுக்கொண்டே நின்றார்.

நான் கூறினேன். ஐம்பது பாகம் முதலாந்தரம், நாற்பது பாகம் முதலாந்தரம், நாற்பது இரண்டாந்தரம், மேற்கே முப்பத்தைந்து, ஐயா முப்பத்தைந்தோ, கேட்கவில்லை, உரத்துச் சொல்லுங்கோ, முப்பத்தைந்து இரண்டாந்தரம், இரண்டாந்தரம், இரண்டாந்தரம் என்று தொண்டையில் ரத்தம் கசியக் கசியக் கூறினேன். மூன்று கரையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு என் கையை மட்டும் பார்த்தன. அவைகளுக்கு இடையில் கிடந்த ஒடுங்கிய தண்ணீரை ஒருவரும் பார்க்கவில்லை, அந்தத் தண்ணீரால் ஒவ்வொன்றாக எங்கள் வள்ளங்கள் சட்டிபானையோடும் ஆடுகளோடும், நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்த கிழடுகளோடும், சுவாமியாரின் மடியில் படுத்திருந்த மாதாவோடும் போயின. நான் எண்ணிக்கொண்டே கூறினேன். அறுபத்திரண்டாவது வள்ளம் கண்ணுக்கு மறைந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

கையை இறக்கினேன். மூன்றாந்தரம் சொல்லவில்லை. கூறலுக்கு வந்த நாள் முதல் நான் அப்படிச் செய்ததில்லை. கல்லிலிருந்து இறங்கி நடந்தேன்.

"யாருக்கும்மா முடிச்சீங்க?" என்று வேங்கடவரதன் கைகளைக் குவித்துக் கத்தினார். இருபது பாகம்கூட இல்லை, அவர் முகத்தில் வியர்வை ஓடுவது தெரிந்தது. "யாருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லை ஐயா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கழிமுகத்தில் அருளப்பு இஞ்சினை ஓடவிட்டபடி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். "எவ்வளவு நேரமடி? எண்ணெய் வீணாப் போகுது."

நான் வாயைக் காட்டிக் கையை விரித்தேன்.

"குரல் போட்டுதோ? கடவுளே, இவ்வளவு காலம் உன்னட்டை நேர்ந்தது இப்பதான் பலிச்சிருக்கு. ஏறு. எந்தக் கரைக்கு எண்டு மட்டும் என்னட்டைக் கேளாதை."

எந்தக் கரைக்கும் இல்லை என்று தலையை ஆட்டி, கிழக்கே திறந்து கிடந்த கடலைக் காட்டினேன். அவன் துப்பிவிட்டு இஞ்சினை முடுக்கினான். எங்களுக்குப் பின்னால், ஒரு ஆளும் இல்லாத அந்த மண்ணில் முதல் கால் வைப்பது ஆர் என்று மூன்று கரைகளும் இடித்துக்கொள்ளத் தொடங்கின. பதினைந்து குதிரையின் சத்தம் அதை மூடுகிற வரைக்கும் நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.